சூட்டில் நிற்கும் போல்ட்: பூச்சு முதலில் போகும், இறுக்கம் அடுத்துப் போகும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சூடான புகைக்குழாய் ஒன்றைத் தாங்கும் எஃகுச் சட்டகம். வரைபடத்தில் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சேற்றிய) ஏ325 போல்ட், அதாவது எஃகுக் கட்டுமானத்துக்கான அமெரிக்க வலுவான போல்ட் ரகம், என்று எழுதியிருக்கிறது. இணைப்புத் தட்டு 260 டிகிரி செல்சியஸ் வரை போகலாம் என்று ப்ராசஸ் பிரிவினர் இப்போது வந்து சொல்கிறார்கள். இந்த போல்ட் தாங்குமா? கால்வனைஸ் இல்லாத கறுப்பு போல்ட்டாக மாற்றினால் போதுமா? இல்லை, ஒரேயடியாக அதைவிட வலுவான ஏ490-க்குப் போய்விடலாமா? இத்தனை டிகிரிக்கு மேல் கூடாது என்று தரநிலையில் ஒரு வரி இருக்கும் என்று தேடினால் அதுவும் அகப்படவில்லை.

முதலில் நேரடியான பதில். கால்வனைஸ் போல்ட் 260 டிகிரியில் தொடர்ந்து நிற்கக் கூடாது. அதன் எல்லை 200. கறுப்பு ஏ325 உடைந்து விழாது, ஆனால் முடுக்கி ஏற்றிய இறுக்கத்தை வைத்துக்கொள்ளாது. அந்த இணைப்பு, இறுகிய தட்டுகளுக்கு நடுவிலுள்ள உராய்வை நம்பி வடிவமைக்கப்பட்டதா, இல்லை போல்ட் தண்டு துளையில் முட்டிச் சுமை தாங்கும் வகையா என்பதைப் பொறுத்துத்தான் போதுமா போதாதா என்று சொல்ல முடியும். ஏ490-க்குப் போவது, நீங்கள் கவலைப்படும் பிரச்சினைக்கு மருந்தே இல்லை. இனி இதற்கெல்லாம் காரணம்.

அந்த ஒரு வரி ஏன் அகப்படவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். ஏ325, ஏ490, முடுக்கி முடிந்ததும் முனை முறிந்து விழும் எஃப்1852, எஃப்2280 எல்லாவற்றையும் 2015-ல் ஒன்றாகச் சேர்த்து, அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் எஃப்3125 என்ற ஒரே தரநிலையாக ஆக்கினார்கள். அது வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையிலான ஆவணம். எஃகின் கலவை என்ன, எவ்வளவு வலிமை, எவ்வளவு கடினம் என்பதை அது சொல்லும். அந்தச் சோதனைகள் எல்லாம் சாதாரண அறை வெப்பநிலையில் நடப்பவை. போல்ட்டைக் கொண்டுபோய் எங்கே மாட்டுகிறீர்கள் என்பது வடிவமைப்பாளரின் பொறுப்பு. 8.8 (ஏறக்குறைய ஏ325-க்கு இணை), 10.9 (ஏறக்குறைய ஏ490-க்கு இணை) வகைகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 898-1 இந்த விஷயத்தில் கொஞ்சம் வாய் திறக்கிறது: 10 முதல் 35 டிகிரிக்குள் சோதித்த குணங்கள் இவை, மைனஸ் 50 முதல் 150 டிகிரி வரை இந்த போல்ட்டுகள் பயன்படுத்தப்படுகின்றன, அதற்கு வெளியே, அதிகபட்சம் 300 வரை போவதானால், விவரம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆக 150, 300 என்று இரண்டு எண்கள் கையில் கிடைத்துவிட்டன. இவை பூச்சைப் பற்றிய எண்கள் அல்ல, எஃகைப் பற்றியவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சூட்டில் ஒரு போல்ட்டுக்கு மூன்று தனித்தனி முடிவுகள் உண்டு. பூச்சு கெடுவது, இறுக்கம் தளர்வது, எஃகே மென்மையாகிப் போவது. மூன்றுக்கும் வெவ்வேறு வெப்பநிலை, வெவ்வேறு கால அளவு. கைக்குக் கிடைத்த ஒரு எண்ணை எடுத்து மூன்றுக்கும் பொருத்தும்போதுதான் பிழை வருகிறது. "துத்தநாகம் 419 டிகிரியில்தானே உருகும், 260-ல் என்ன ஆகிவிடும்" என்ற வாதம் அப்படிப்பட்டதுதான். உருகாது, சரி. ஆனால் அதற்கு வெகு முன்பே உரிந்துவிடும்.

உரிவது எப்படி என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும்போது எஃகின் மேல் ஒரே ஒரு படலம் உருவாவதில்லை. எஃகை ஒட்டி இரும்பும் துத்தநாகமும் கலந்த அடுக்குகள். அவற்றின் மேல் ஏறக்குறைய சுத்தமான துத்தநாகம். பளபளப்பாகக் கண்ணுக்குத் தெரிவது இந்த மேல் அடுக்கு. 200 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் வைத்திருந்தால் மேல் அடுக்கிலுள்ள துத்தநாக அணுக்கள் கீழே இருக்கும் கலப்பு அடுக்குக்குள் நகர்கின்றன. எதிர்த்திசையில் இரும்பு அதே வேகத்தில் வருவதில்லை. காலி செய்துவிட்டுப் போன இடங்கள் நுண்ணிய துளைகளாக இரண்டு அடுக்குக்கும் நடுவே வரிசை கட்டுகின்றன. கிர்கெண்டால் விளைவு என்று இதைச் சொல்வார்கள். துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் மேல் அடுக்கு மெல்லிய தகடு போலப் பெயர்ந்து வரும். நகத்தால் கீறினாலே போதும். அடியிலுள்ள கலப்பு அடுக்கு அப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், ஏறக்குறைய 250 டிகிரி வரை துருவிலிருந்து காக்கவும் செய்யும். அதனால் 210, 220 டிகிரியில் இருக்கும் பழைய கால்வனைஸ் போல்ட்டைக் கண்டதும் பதற வேண்டாம். ஆனால் புதிதாக எழுதும் வரைபடத்தில் தொடர்ச்சியான வெப்பத்துக்கு 200 என்ற எல்லையைத் தாண்டாதீர்கள். அமெரிக்க கால்வனைசர்கள் சங்கம் சொல்லும் எண்ணும் அதுதான்.

உரிவதோடு நின்றால் அதை வெறும் துருப் பிரச்சினை என்று விட்டுவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. நல்ல இழுவிசையில் நிற்கும் வலுவான எஃகோடு சில உலோகங்கள் சூட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால், எஃகின் நுண்ணிய படிக மணிகளின் எல்லைகள் வழியே புகுந்து விரிசலை உண்டாக்கும். உருகிய நிலையில் இது வேகமாக நடக்கும். உருகுநிலைக்குக் கீழே மெதுவாக, ஆனாலும் நடக்கும். இதில் காட்மியம்தான் பெயர் கெட்டது. அதன் உருகுநிலை 321 டிகிரி, ஆனால் காட்மியம் முலாம் பூசிய போல்ட்டை 230-க்கு மேல் கொண்டுபோகாதே என்பது வெகு காலமாக இருக்கும் விதி. துத்தநாகம் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் கடினம் கூடிய போல்ட்டில், தீ விபத்தில் 419-ஐத் தாண்டும் நிலையில், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கால்வனைஸ் போல்ட்டை துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் மாட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: உருகிய துத்தநாகம் பட்டால் விரிசல் விடுவது போல்ட் மட்டுமல்ல, அந்தக் குழாயும்தான்.

மற்ற பூச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மின்முலாம் துத்தநாகத்தின் மேல் தரும் பழைய மஞ்சள் குரோமேட் மெருகு 70 டிகிரி சுமாரிலேயே ஈரம் வற்றி வெடித்துத் தன் பாதுகாப்பை இழக்கத் தொடங்கும். அடியிலுள்ள துத்தநாகம் இருக்கும், அவ்வளவுதான். துத்தநாகத் தூளை டிரம்மில் போட்டு அடித்து ஏற்றும் மெக்கானிக்கல் கால்வனைசிங்கில் இரும்புக் கலப்பு அடுக்கு கிடையாது. ஆனால் ஒட்டியிருப்பது அதே துத்தநாகம்தான் என்பதால் அதற்கும் 200-ஐயே நான் எல்லையாக வைத்துக்கொள்வேன். துத்தநாகச் செதில் பூச்சுகளைச் செய்யும்போதே 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகவைக்கிறார்கள், அதனால் அவை கொஞ்சம் தெம்பானவை. மேலே போடும் வழவழப்பு அடுக்கு என்ன பொருள் என்பதைப் பார்த்துத்தான் எல்லை சொல்ல முடியும். தயாரிப்பாளரின் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, பூச்சே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு போல்ட். இப்போது கேள்வி எஃகைப் பற்றியது.

ஏ325 ஆனாலும் ஏ490 ஆனாலும், 8.8 ஆனாலும் 10.9 ஆனாலும், செய்முறை ஒன்றுதான். சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்துக் கடினமாக்குவார்கள். அப்படியே விட்டால் கண்ணாடி போல நொறுங்கும் என்பதால் மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் செய்வார்கள். ஏஎஸ்டிஎம் கேட்கும் குறைந்தபட்ச டெம்பரிங் வெப்பநிலை 427 டிகிரி (800 ஃபாரன்ஹீட் என்பதை மாற்றினால் வரும் எண்). ஐஎஸ்ஓ 8.8-க்கும் 10.9-க்கும் 425. இதைத்தான் போல்ட்டின் ஞாபகம் என்று நான் சொல்வேன். எந்தச் சூட்டில் டெம்பர் ஆனதோ அந்தச் சூட்டை மறுபடி காட்டினால், டெம்பரிங் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைத் தாண்டினால் போல்ட் மென்மையாகும். குளிர்ந்த பிறகு பழைய வலிமை திரும்பாது.

அப்படியானால் 427-க்குக் கீழே எதுவும் ஆகாதா? ஆகும், நேரம் எடுக்கும். வெப்பநிலையையும் நேரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள ஹாலமன், ஜாஃபி இருவரும் 1945-ல் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்கள்: மணிக்கணக்கின் மடக்கையோடு (10 அடிமானம்) 20-ஐக் கூட்டி, வரும் எண்ணைக் கெல்வினில் உள்ள வெப்பநிலையால் பெருக்குவது. ஒரு போல்ட் 427 டிகிரியில் ஒரு மணி நேரம் டெம்பர் ஆனது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எண் ஏறக்குறைய 14,000 வரும். அதே எண்ணை 400 டிகிரியில் எட்ட ஆறேகால் மணி நேரம் போதும். 350 டிகிரியில் சுமார் 300 மணி, அதாவது பன்னிரண்டு நாள். 300 டிகிரியில் 27,000 மணியை ஒட்டி, மூன்று வருடம். 250-க்கு இறங்கினால் அறுநூறு வருடத்துக்கு மேல். இந்தக் கணக்கு தோராயமானது, எஃகின் கலவைக்கு ஏற்ப நகரும். ஆனால் 250-க்கும் 350-க்கும் நடுவே எப்படிப்பட்ட பள்ளம் இருக்கிறது என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 300 என்று சொல்லி நிறுத்தியது சும்மா இல்லை என்பது இதிலேயே புரியும்.

ஆக, உங்கள் 260 டிகிரியில் எஃகு மென்மையாகிவிடும் என்ற பயம் வேண்டியதில்லை. எஃகுக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதித் தொகுப்பான யூரோகோட் 3-ன் தீ பற்றிய பகுதியில் போல்ட்டுக்கென்றே ஒரு குறைப்பு அட்டவணை உண்டு. அதன்படி 200 டிகிரியில் வலிமை 0.935 மடங்கு, 300-ல் 0.903 மடங்கு. 260-க்கு இடைப்பட்ட மதிப்பு 0.916. எட்டரை சதவீத இழப்பு, கணக்கில் கொண்டுவிடலாம். அதே அட்டவணை 400-ல் 0.775, 500-ல் 0.55, 600-ல் 0.22 என்று சரிவதையும் கவனியுங்கள். சாதாரண கட்டுமான எஃகு 400 வரை யீல்டு வலிமையை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தத்தை) முழுதாக வைத்திருக்கும், 600-ல் 0.47. ஆக தீயில் உத்தரத்துக்கு முன்பே போல்ட் கைவிடும். உத்தரத்துக்குத் தீத்தடுப்புப் பூசிவிட்டு இணைப்பை அப்படியே விடுவது ஏன் தப்பு என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

உண்மையான சிக்கல் இறுக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான பதில்கள் இதைத் தொடாமலேயே போய்விடுவதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

ஒரு எம்20 (20 மில்லிமீட்டர் விட்டம்) ஏ325 போல்ட்டை எடுத்துக்கொள்வோம். முழுதாக முடுக்கும்போது அதில் ஏற்ற வேண்டிய குறைந்தபட்ச இழுவிசை 142 கிலோநியூட்டன். மரைப் பகுதியின் பரப்பு 245 சதுர மில்லிமீட்டர். வகுத்தால் 580 மெகாபாஸ்கல். நிறுவிய நாளிலிருந்தே போல்ட் இந்த 580-ல் நின்றுகொண்டிருக்கிறது. இதற்கு இணையான 8.8 போல்ட்டின் பெயரளவு யீல்டு அறை வெப்பநிலையில் 640. இடைவெளி 60 மட்டுமே. இப்போது சூடேற்றுங்கள். ஐஎஸ்ஓ 898-1-ன் 1999 பதிப்பின் இணைப்பில் கொடுத்திருந்த யீல்டு மதிப்புகள் இவை: 100 டிகிரியில் 590, 200-ல் 540, 250-ல் 510, 300-ல் 480. மறுபக்கம், எஃகின் மீள்மை எண்ணும் (நீட்சியை எவ்வளவு விறைப்பாக எதிர்க்கும் என்ற அளவு) சூட்டில் குறையும், 200 டிகிரியில் ஐந்து சதவீதம், 300-ல் எட்டு சதவீதம் என்று வையுங்கள். அதனால் 580-ம் தானாகக் கொஞ்சம் இறங்கி 200 டிகிரியில் 551-ல் நிற்கும். ஆனால் போல்ட்டால் தாங்க முடிவதோ 540. அதாவது வெளியிலிருந்து ஒரு கிலோ சுமை கூட வராமலே போல்ட் நெகிழத் தொடங்கிவிட்டது. 150 டிகிரிக்கு இதே கணக்கைப் போட்டால் தேவை 560, தாங்குவது 565. மயிரிழையில் தப்புகிறது. ஐஎஸ்ஓ 150-ஐ இப்படிக் கணக்குப் போட்டுத்தான் வைத்தது என்று சொல்லவில்லை. எண்கள் இங்கே வந்து ஒத்துப்போகின்றன என்பது பார்க்க வேண்டிய விஷயம்.

கடையில் வாங்கும் போல்ட் குறைந்தபட்சத்தைவிடக் கொஞ்சம் வலுவாகவே வரும், அதனால் நிலைமை இவ்வளவு இறுக்கமாக இருக்காது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் நட்டை இத்தனை திருப்பு என்று கணக்குவைத்துத் திருப்பும் முறையில் முடுக்கினால் ஏறும் இழுவிசையும் குறைந்தபட்சத்தைவிடக் கூடவே இருக்கும். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும்.

நெகிழ்ந்த பிறகு அது அங்கேயே நிற்பதுமில்லை. சூட்டில் எஃகு மெதுவாக ஊர்ந்து நீளும். தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் மீள் நீட்சி, நிரந்தர நீட்சியாக மாறிக்கொண்டே போகும். 300 டிகிரியில் 100 மணி நேரம் ஓடினால் ஆரம்பப் பிடிமானத்தில் கால் பங்குக்கு மேல் நிரந்தரமாகப் போய்விடும் என்று அதே பழைய இணைப்பு எச்சரிக்கிறது. நூறு மணி என்பது நாலு நாள்தான். உலை குளிர்ந்த பிறகு போய்ப் பார்த்தால் போல்ட் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்: விரிசல் இல்லை, கடினமும் மாறியிருக்காது. ஸ்பேனரை வைத்தால்தான் தெரியும்.

இதோடு தொடக்கச் சூடேற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலையைப் பற்றவைத்ததும் தட்டுதான் முதலில் சூடாகும், போல்ட் பின்தங்கும். 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு விரிவு என்ற கணக்கில், போல்ட்டில் கூடும் அழுத்தம் 120 மெகாபாஸ்கல் வரை போகும். தட்டு கொஞ்சமும் அமுங்காது என்று வைத்துப் போட்ட மேல்வரம்பு இது. நடப்பில் இதில் ஒரு பகுதி வரும். ஆனாலும் 580-ன் மேல் கூடுகிறது என்பதை மறக்காதீர்கள். தட்டு துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் இன்னும் மோசம். அதன் விரிவு 17 பங்கு. இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகும் வித்தியாசம் போகாது. 20-லிருந்து 260-க்குப் போனால் 240 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுக்கும். ஒவ்வொரு தடவை உலையை நிறுத்தி ஏற்றும்போதும் போல்ட் கொஞ்சம் நீண்டு, இறுக்கம் கொஞ்சம் குறையும்.

இப்போது ஏ490 கேள்விக்கு வரலாம். எம்20 ஏ490-ல் ஏற்றும் இழுவிசை 179 கிலோநியூட்டன், அதாவது 731 மெகாபாஸ்கல். இணையான 10.9-ன் யீல்டு அறை வெப்பநிலையில் 940, 300 டிகிரியில் 705. மீள்மை எண் குறைந்ததில் 731-ம் அங்கே 670 ஆகியிருக்கும். தாங்குகிறதே! நேர்மையாகச் சொன்னால், யீல்டை மட்டும் பார்த்தால் 10.9-க்குத்தான் இடைவெளி கூட. ஆனால் ஊர்ந்து தளர்வதை இந்த இடைவெளி தடுக்காது. இரண்டும் ஒரே 425 டிகிரி ஞாபகம் உள்ளவை. கூடவே கடினம் ஏறுகிறது: ஏ325 ராக்வெல் சி அளவில் 25 முதல் 34 வரை, ஏ490 33 முதல் 38 வரை. கடினம் ஏற ஏற, ஹைட்ரஜன் உள்ளே புகுவதால் வரும் விரிசலுக்கும், நான் மேலே சொன்ன உலோகம் புகும் விரிசலுக்கும் இடம் கொடுக்கும். ஏ490-ஐச் சூடான துத்தநாகத்தில் முக்க எஃப்3125 அனுமதிப்பதில்லை, துத்தநாகச் செதில் பூச்சுதான் போடலாம். ஐரோப்பாவில் 10.9 போல்ட்டைக் கால்வனைஸ் செய்து தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே முக்கும் முறைக்கு ஐஎஸ்ஓ 10684 என்று தனித் தரநிலையே உண்டு. இரு கரைகளிலும் அனுபவமுள்ளவர்கள்தான், முடிவு வேறு. நீங்கள் எந்த விதித் தொகுப்பில் வேலை செய்கிறீர்களோ அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் வசதியானதைப் பொறுக்காதீர்கள்.

கால்வனைஸ் தொட்டியே 455 முதல் 480 டிகிரி சூட்டில் இருக்கிறதே, அது டெம்பரிங்கைக் கெடுக்காதா என்று இடையில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. குறைந்தபட்சமான 427-ல் டெம்பர் செய்த போல்ட்டைத் தொட்டியில் முக்கினால் கொஞ்சம் மென்மையாகத்தான் செய்யும். உள்ளே இருப்பது சில நிமிடங்கள்தான் என்பதால் பாதிப்பு சிறியது. கால்வனைசுக்குப் போகும் போல்ட்டைத் தொட்டியைவிடச் சூடாக டெம்பர் செய்துவிடுவது விவரம் தெரிந்த ஆலைகளின் பழக்கம்.

எரிவாயு டார்ச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்கிக்கொண்ட நட்டைக் கழற்ற டார்ச் அடிப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. கழற்றித் தூக்கிப்போடப் போகும் போல்ட்டானால் அடியுங்கள். பக்கத்து போல்ட்டுகளை நெருப்பு நக்கியதா என்று மட்டும் பாருங்கள். நிழலில் மங்கலான சிவப்பு தெரிந்தால் 550 டிகிரிக்கு மேல் போய்விட்டது, அதாவது டெம்பரிங்கைத் தாண்டியாகிவிட்டது. அந்த போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். கறுப்புப் படலம் இல்லாத சுத்தமான எஃகில் வைக்கோல் நிறம் 220 டிகிரி சுமார், நீலம் 300 சுமார். நேரத்தைப் பொறுத்து நிறம் நகரும் என்பதால் இதை ஆதாரமாக எழுதிவைக்க முடியாது, துப்பாக வைத்துக்கொள்ளலாம். தீ விபத்துக்குப் பிறகும் இதே கதைதான்: துத்தநாகம் உருகி வழிந்து சொட்டாக நிற்கிறதென்றால் 419-ஐத் தாண்டியிருக்கிறது. கடினம் சோதித்து ஒவ்வொன்றாகக் காப்பாற்றப் பார்ப்பதைவிட மொத்தமாக மாற்றிவிடுவது மலிவு. ஏ490-ஐயும் கால்வனைஸ் ஏ325-ஐயும் ஒரு முறை முழுதாக முடுக்கிய பின் மறுபடி பயன்படுத்தவே கூடாது என்பது, கட்டுமான போல்ட் இணைப்புகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஆர்சிஎஸ்சியின் விதி. தீ வந்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் கிடையாது.

குளிர்ப்பக்கம் சுருக்கமாக. பூச்சு அங்கே பிரச்சினையில்லை, எஃகு நொறுங்குமா என்பதுதான். 16 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமனுள்ள 8.8, 10.9 போல்ட்டுகளுக்கு மைனஸ் 20-ல் 27 ஜூல் அதிர்ச்சித் தாங்கு திறனை ஐஎஸ்ஓ கேட்கிறது. மைனஸ் 50-க்குக் கீழே ஏ320 எல்7 போன்ற தனி ரகத்துக்குப் போய்விடுங்கள்.

உங்கள் சட்டகத்துக்குத் திரும்புவோம். அந்த இணைப்பு உராய்வை நம்பியதாக இருந்தால், 260 டிகிரியில் ஏ325-ன் இறுக்கத்தை நம்பி எந்த எண்ணையும் எழுத மாட்டேன். இரண்டு வழி உண்டு. ஒன்று, தண்டு துளையில் முட்டித் தாங்கும் வகையாகக் கணக்கை மாற்றிப் போடுவது: கறுப்பு ஏ325, வலிமைக்கு அந்த 0.916 குறைப்பு, நட் கழன்றுவிடாமல் இரட்டை நட்டோ பூட்டு நட்டோ. அதிர்வும் திசை மாறும் சுமையும் இல்லாவிட்டால் இது போதும், மலிவும் கூட. துருவுக்கு வெப்பம் தாங்கும் அலுமினியச் சிலிக்கோன் பெயிண்ட். இன்னொரு வழி, சூடான இடங்களுக்கான ஏ193 பி7 போல்ட், ஏ194 2எச் நட். குரோமியம் மாலிப்டினம் எஃகு, குறைந்தபட்ச டெம்பரிங்கே 593 டிகிரி. வலிமை 860 மெகாபாஸ்கல், ஏ325-ன் 830-ஐவிடக் குறைந்ததில்லை. 593-க்கும் 427-க்கும் உள்ள வித்தியாசத்தை மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இன்னும் சூடென்றால் வனேடியம் சேர்த்த பி16 இருக்கிறது, அதன் டெம்பரிங் 650. ஆனால் பி7 கட்டுமான போல்ட் அல்ல: பெரும்பாலும் நீளம் முழுக்க மரை வெட்டிய ஸ்டட்டாக வரும், தட்டுகள் போல்ட்டை வெட்டப் பார்க்கும் தளத்தில் மரை விழும், நட்டைத் திருப்பும் முறைக்கான அட்டவணை அதற்குப் பொருந்தாது. முடுக்கும் முறையைச் சோதித்துப் பார்த்து, வடிவமைப்பாளரின் கையெழுத்தோடுதான் மாற்ற வேண்டும்.

இதில் எதையும் செய்யும் முன் ப்ராசஸ் பிரிவினரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அந்த 260 எதன் சூடு? பெரும்பாலும் அது உள்ளே ஓடும் வாயுவின் சூடாக இருக்கும். காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் தலையும் நட்டும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். உலோகம் அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கலாம். அதே போல்ட்டின் மேல் யாராவது வெப்பக் காப்புக் கம்பளியைச் சுற்றிவிட்டால் அந்தக் குளிர்ச்சி போய், குழாயின் சூடே போல்ட்டின் சூடாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் இடம் என்றால் அளந்துவிடுங்கள். பளபளக்கும் கால்வனைஸ் மேல் அகச்சிவப்புத் துப்பாக்கியைக் காட்டினால் நிஜத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி 180 என்று எழுதிவிடாதீர்கள். போல்ட் தலையில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்து அதில் குறிபாருங்கள், இல்லாவிட்டால் தெர்மோகப்பிளை வாஷருக்கு அடியில் செருகுங்கள். 190 என்று வந்தால் பூச்சைப் பொறுத்தவரை கால்வனைஸ் இருக்கலாம். அப்போதும் அது 150-க்கு மேல்தான், இறுக்கத்தின் கணக்கு தனியாக உங்கள் மேசையில் இருக்கும்.